நாளைக்கு வேலை இல்லை

திங்கட்கிழமை அடித்த பலகைகளில் செவ்வாய்க்கிழமை காலை ஓட்டை விழுந்திருந்தது.

மாமாங்கம் முதலாவது பலகைக்குக் கிட்டப் போய்ச் சின்னவிரலை விட்டுப் பார்த்தார். நுனி நுழைந்தது. பின்பக்கம் தகரம் கிழிந்து வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கண்டபாட்டுக்குச் சுட்டதில்லை. பலகையில் துவக்குப் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் ஒன்று போட்டு, குறுக்கே கோடு கிழித்திருந்தது. எல்லா வெடியும் அந்த வட்டத்துக்குள்ளேயே பட்டிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

"கை நடுக்கமில்லாத ஆள்," என்றான் நிலாம்.

"நீ ஒரு மெடலைக் குத்திவிடன் அவனுக்கு."

"உள்ளதைத்தானே அண்ணன் சொல்ற."

வான் ஓட்டி வந்த பிரதாபன் இறங்கிப் பலகையைக் கைபேசியில் படம் பிடித்தான். வேலி அடிக்கிற கம்பனி அவனுடையது. கம்பனி என்றால் ஒரு வான், ஒரு றெயிலர், இவர்கள் இரண்டு பேர். பால்குடிப் பிள்ளையாகக் கனடாவுக்கு வந்தவன். தமிழை விட ஆங்கிலம் சுகமாக வரும்.

"இது பெர்சனல் இல்லை அண்ணை. அவங்களுக்குக் கவுன்சிலோடதான் கோபம். வீ ஆர் ஜஸ்ட் த ஃபென்ஸ் கைஸ்."

"சுடுறவனுக்கு அது தெரியுமோ?"

"வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ. ஒறேஞ்சைக் கண்டா இஞ்ச ஒருத்தனும் சுடமாட்டான். சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச றூல் அது."

ஒஷாவாவைத் தாண்டி வடக்கே திரும்பி, வீடுகள் முடிந்து, தார் றோட்டும் முடிந்த பிறகு வருகிற அரசாங்கக் காடு அது. நடுவில், மணல் அள்ளிக் கைவிட்ட பெரிய கிடங்கு, ஆழமான பள்ளம். கிடங்கின் முடிவில் உயரமான மண்மேடு. எத்தனையோ வருசமாகச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் அங்கே வந்து, மேட்டின் அடியில் தகரப்பேணி, பழைய ரீவி, ஃபிரிஜ் என்று வைத்துச் சுட்டுப் பழகினார்கள். பொது நிலம், யாரும் கேட்கவில்லை. பிறகு காட்டின் மற்றப் பக்கம் புது வீடுகள் வந்தன. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஆட்கள் வந்தார்கள். ஒருநாள் ஒரு வீட்டின் குசினிக் கண்ணாடியில் குண்டு பட்டது. கூட்டம் வைத்து இரண்டு பக்கமும் கத்தினார்கள். கடைசியில், கிடங்கைச் சுற்றி வேலி போட்டு மூடுவது, அடுத்த மாதம் பிறந்ததும் அங்கே சுடத் தடை என்று முடிவானது. வேலை பெரிய கம்பனியிடம் போய், அங்கிருந்து சின்னக் கம்பனியிடம் போய், கடைசியில் ஸ்காபரோவில் பிரதாபனின் வானுக்குள் வந்து விழுந்தது.

அவர்களை இறக்கிவிட்டுப் பிரதாபன் ஒஷாவாவில் இருக்கிற மற்ற வேலைக்குப் போய்விடுவான். பின்னேரம்தான் திரும்பி வருவான். அதுவரைக்கும் காடும் இவர்களும்தான். கைபேசிக்குச் சிக்னல் இல்லை.

வானின் சத்தம் தேய்ந்து போனதும் மாமாங்கம் வெஸ்ட்டைக் கழற்றினார்.

"நீயும் கழட்டு."

"பிரதாபன் தம்பி கண்டாரெண்டா?"

"அவன் வாற சத்தம் கேட்டாப் போடுவம். காட்டுக்குள்ள ஒருத்தன் துவக்கோட திரியிறான். நீ பளிச்செண்டு நிண்டு அவனுக்குக் குறி காட்டப் போறியோ?"

நிலாம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "தோடம்பழத்துக்குக் காலும் கையும் வெச்ச மாதிரித்தான் இரிக்கி," என்று சிரித்தான். கழற்றிச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தான். உள்ளே போட்டிருந்தது மண்ணிற ஜக்கெட். இலை கொட்டின காட்டில், இருபது அடி தள்ளி நின்றால் ஆளையும் மரத்தையும் பிரிக்க முடியாது. மாமாங்கத்துக்கு அது நிம்மதியாக இருந்தது.

இதை இருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாமாங்கம் வாகரைப் பக்கத்து ஆள். நிலாம் ஏறாவூர். எந்தத் துவக்குக்காரன் எந்தப் பக்கம் என்று பார்க்க நேரமில்லாத யுத்த காலத்தில் வளர்ந்தவர்கள். வெடி கேட்டால் படு. எழும்பாதே, கத்தாதே, ஓடாதே. துவக்கு வைத்திருக்கிறவன் எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லாதே. உள்ளதைச் சொன்ன ஆட்களுக்கு அதே பாதையில், அதே நேரத்தில் ஆள் வைத்துக் காத்திருந்தார்கள். கனடாவுக்கு வந்து தலை நரைத்த பிறகும், பாதையில் கார் ஒன்று பின்னால் மெதுவாக வந்தால் மாமாங்கத்தின் கழுத்து தானாக உள்ளே இழுபடும்.

அன்று பின்னேரம் டோர்செட் பார்க்கில் அவருடைய வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிற ஸித்தி. நிலாமின் மனைவி.

"அண்ணன், பலகையில சுட்டிரிக்கானுகளாமே?"

"ஆர் சொன்னது?"

"ஆரு சொல்ற. இவர்தான். பகிடி சொல்ற மாதிரிச் சிரிச்சிச் சிரிச்சிச் சொல்றார்." அவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேலையில தலையைக் குடுத்தா இந்த மனிசனுக்குப் பக்கத்தில பஸ் வந்தாலும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் தங்கச்சி."

"போக வேணாம் எண்டு சொன்னாக் கேக்க மாட்டார். நீங்க போறதால தானும் போறாராம்."

"கூட்டிப் போற நானே கூட்டிக்கொண்டு வந்து விடுவன். நீங்க யோசிக்காதீங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கதவைப் பூட்டிய பிறகுதான், தான் கொடுத்தது சின்னச் சொல் இல்லை என்று மாமாங்கத்துக்கு உறைத்தது.

புதன்கிழமை அவர்கள் முன்பக்கத்தில் தூண்களை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. சாம்பல் நிற ட்ரக் ஒன்று மண்றோட்டில் ஊர்ந்து வந்து, ஓட்டை விழுந்த பலகைக்கு முன்னால் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. செம்பட்டைத் தாடிக்காரன் ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, பலகையைப் பார்த்தான். பிறகு மரங்களுக்குள் பார்த்தான். கண் இவர்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது.

இறங்கி வந்தான். கையில் கோப்பிக் கோப்பை. ட்ரக்கின் பின்சீற்றில் நீளமான கறுப்புப் பெட்டி கிடந்ததை மாமாங்கம் கண்டார். ஒன்றா இரண்டா என்று பார்க்க முதல் அவன் கிட்ட வந்துவிட்டான்.

ஆங்கிலத்தில், மெதுவாகத்தான் பேசினான். மாமாங்கத்துக்கு முக்கால்வாசி விளங்கியது. "நீங்கள் நிற்பதே எனக்குத் தெரியவில்லை," என்றான். "இந்த உடுப்போடு இங்கே நிற்பது நல்லதில்லை."

நிலாம் மாமாங்கத்தைப் பார்த்தான்.

தாடிக்காரன் பலகையைக் காட்டினான். தான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றான். இந்த இடத்துக்குத் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வருகிறானாம். சுட்ட தோட்டாக் கோதுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகிற ஆளாம். குப்பை போடுகிறவன் வேறு யாரோ, வேலி மட்டும் எல்லாருக்குமாம். சொல்லச் சொல்ல முகம் சிவந்தது. பிறகு மூச்சை விட்டு, "உங்களில் பிழை இல்லை. நீங்கள் வேலை செய்கிற ஆட்கள்," என்றான்.

மாமாங்கம் தலையாட்டினார்.

"எந்தெந்த நாளில் வேலை செய்வீர்கள்?"

மாமாங்கம் கையிலிருந்த தூணைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு வருவீர்களா? எந்தப் பக்கம் நிற்பீர்கள்?"

"நோ, நோ," என்றார் மாமாங்கம். தன் குரல் சிரித்தபடி வந்தது அவருக்கே கேட்டது. "ருமோறோ நோ வேர்க். ருடே பினிஷ்."

"நாளைக்கு இல்லை? நிச்சயமாக?"

"நோ வேர்க்."

தாடிக்காரன் கோப்பையை உயர்த்தி நன்றி சொன்னான். ட்ரக் திரும்பி, வந்த மாதிரியே ஊர்ந்து போனது.

"நல்ல வேலை செஞ்சீங்க," என்றான் நிலாம். "எந்தப் பக்கம் நிப்பீங்க எண்டும் கேக்கிறானே. காத்து நிண்டு சுடவா?"

"பின்னேரம் பிரதாபனிட்ட சொல்லுவமா?"

"சொன்னா என்ன சொல்லுவார்? வெஸ்ட்டைப் போடுங்கோ எண்டுவார்."

இருவரும் சிரித்தார்கள். பிரதாபனிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மழை வருகிற மாதிரி வானம் தாழ்ந்து கிடந்தது. முன்பக்க வேலையில்லை என்பதால் பிரதாபன் காட்டின் பின்பாதையால் வந்து, மண்மேட்டின் பின்னால் இறக்கிவிட்டுப் போனான். வேலிக்கான கோடு அங்கே மரக்கட்டைகள் அடித்துக் குறித்திருந்தது. கோடு பற்றைக்குள்ளால் வந்து, மேட்டில் ஏறி, ஓரிடத்தில் உச்சியைத் தொட்டு, மறுபக்கமாக இறங்கியது. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு குழி. குழி துளைக்கிற மெஷின் நிலாமிடம். பெற்றோலில் ஓடுகிற மெஷின். காது அடைபடும் என்று இரண்டு காதையும் மூடுகிற தடித்த கவசம் போட்டுக்கொள்வான். தூண் சுமப்பது மாமாங்கம்.

வெஸ்ட் இரண்டும் சாப்பாட்டுப் பைகளோடு கீழே தூண் குவியலில் கிடந்தன.

நிலாம் மேட்டின் அரைவாசி வரைக்கும் ஏறியிருந்தான். அடுத்த தூணை எடுக்க மாமாங்கம் குவியலுக்கு இறங்கி வந்த நேரம்தான் முதலாவது வெடி கேட்டது.

தூண் எங்கே விழுந்தது என்று தெரியாது. அவர் மணலில் முகம் புதையக் கிடந்தார். கை இரண்டும் தலைக்கு மேலே தானாகப் போயிருந்தன. இரண்டாவது வெடி. மூன்றாவது. மேட்டின் மற்றப் பக்கம், கிடங்குக்குள்ளே இருந்து. பழைய ஃபிரிஜ்ஜில் பட்டது போலத் தகரச் சத்தம் ஒன்று. அடுத்த வெடிக்குப் பின்னால் ஏதோ ஒன்று மேட்டைத் தாண்டி, விசிலடித்துக்கொண்டு தலைக்கு மேலால் போனது. பின்னால் ஒரு கொப்பு முறிந்து, அவசரமில்லாமல், கொப்புக் கொப்பாகத் தட்டுப்பட்டு விழுந்தது.

வந்துவிட்டான் என்று நினைத்தார். இல்லையென்று சொல்லியும் வந்துவிட்டான்.

தலையை ஒரு பக்கம் திருப்பி மேலே பார்த்தார். நிலாம் குழிக்கு மேலே குனிந்து நின்றான். மெஷின் அதிர, அவன் தோளும் அதிர்ந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுடுகிறவர்களும் காதை மூடிக்கொண்டுதான் சுடுவார்கள், மெஷின் சத்தம் அவர்களுக்கும் கேட்காது.

"நிலாம்!"

குரல் வெளியே வரவில்லை. கத்தாதே என்று உடம்பு சொன்னது. அவர் வயிற்றால் ஊர்ந்தார். தூண் குவியலைச் சுற்றி, பற்றை ஓரமாக, முழங்கையை ஊன்றி. ஊர்ந்து போய் அவன் காலைப் பிடித்து இழுத்து விழுத்தலாம். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மணல் சரிந்தது. ஒரு முழம் ஏறினால் அரை முழம் வழுக்கியது.

வெடி நின்றது. துவக்கை நிரப்புகிறார்கள்.

அந்த இடைவெளியில் நிலாம் மெஷினைக் குழிக்குள்ளிருந்து இழுத்தான். எஞ்சினை நிற்பாட்டவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டைக்குப் போனான். அடுத்த கட்டை உச்சியில் நின்றது. அதற்கு மேலே வானம் மட்டும்தான். அங்கே ஏறி நின்றால், கீழே குறி வைத்திருக்கிற பேணிகளுக்கு நேர் மேலே, மண்ணிற ஜக்கெட் போட்ட ஒரு ஆளின் இடுப்பும் நெஞ்சும் நிற்கும். மண்மேட்டின் மேல் இன்னும் கொஞ்சம் மண்.

மாமாங்கம் எழும்பினார்.

எப்படி எழும்பினார் என்று பிறகு நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. ஓடி இறங்கி, பைக்குள் கிடந்த வெஸ்ட்டை இழுத்தார். அதைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு மேட்டில் ஓடினார். கத்தினார். இந்த முறை குரல் வந்தது. "ஏறாதே! ஏறாதே! படு!"

நிலாம் உச்சியில் கால் வைத்துவிட்டு, ஓரக்கண்ணில் ஏதோ ஒறேஞ்ச் நிறம் ஆடுவதைக் கண்டு திரும்பினான். என்ன என்று கேட்கிற முகம். வெடி கேட்டது. அவன் மெஷினோடு மணலில் குந்திவிட்டான். விழவில்லை. களைத்துப் போய் இருக்கிற மாதிரி இருந்தான்.

மாமாங்கம் உச்சிக்கு வந்து வெஸ்ட்டை ஆட்டினார். கீழே கிடங்குக்குள் இரண்டு பேர். ஒருத்தன் துவக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்தான். செம்பட்டைத் தாடி. பிறகு மேட்டில் நாலு காலால் ஏறி ஓடி வந்தான்.

நிலாமுக்குத் தொடையும் வயிறும் சேருகிற மூலையில் பட்டிருந்தது. பெல்ட்டைக் கழற்றிக் கட்டலாம் என்றால் கட்ட இடமில்லை. மாமாங்கம் வெஸ்ட்டைச் சுருட்டி இரண்டு கையாலும் அமத்தினார். சூடாக, விரலுக்குள்ளால் வந்துகொண்டேயிருந்தது. தாடிக்காரன் பக்கத்தில் முழங்காலில் விழுந்து, தன் கையை நீட்டினான். மாமாங்கம் தோளால் அவனை இடித்துத் தள்ளினார். அவன் மற்றவனைப் பார்த்துக் கத்தினான். மற்றவன் ட்ரக்கை நோக்கி ஓடினான், சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போய் அம்புலன்சுக்கு அடிக்க.

தாடிக்காரன் அழுகிறானா ஏசுகிறானா என்று தெரியவில்லை. "நான் கேட்டேனே," என்றான். "நேற்றே கேட்டேனே. நாளைக்கு வேலை இல்லை என்று நீதானே சொன்னாய். வாகனம் எதுவும் இருக்கவில்லை. ஒறேஞ்ச் ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் நிற்கிற நாளில் வரக்கூடாது என்றுதானே நான் கேட்டேன்."

ஒவ்வொரு சொல்லும் மாமாங்கத்துக்கு விளங்கியது.

நிலாம் காதுக் கவசத்தை ஒரு பக்கம் தள்ளினான். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. "என்னவாம் அவன்?"

"நாங்க நிக்கிற நாளில வராம இருக்கத்தான் நேத்துக் கேட்டவனாம்."

நிலாம் கண்ணைத் தாடிக்காரன் பக்கம் திருப்பினான்.

"நான் எண்டாலும் அதைத்தான் சொல்லியிரிப்பன்," என்றான்.

மாமாங்கத்தின் கை சளைக்கத் தொடங்கியது. தூண் சுமந்த கை. எவ்வளவு இறுக்கினாலும் போதவில்லை. தாடிக்காரன் அதைக் கண்டான். விடு, எனக்குப் பழக்கம் இருக்கிறது, பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மாமாங்கம் விடவில்லை. சுட்டவனின் கையில் எப்படிக் கொடுப்பது?

"விடுங்க அண்ணன்," என்றான் நிலாம். "அவன்ட கை பெரிசு."

மாமாங்கம் கையை எடுத்தார். அந்த இடத்தில் தாடிக்காரனின் இரண்டு கையும் வந்து, முழு உடம்பின் பாரத்தோடும் அமர்ந்தன. நிலாம் பல்லைக் கடித்தான். வருவது குறைந்தது. நிற்கவில்லை.

மாமாங்கம் நிலாமின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். கதைத்துக்கொண்டே இரு, தூங்க விடாதே என்று தாடிக்காரன் சொன்னான்.

"நிலாம். அம்புலன்ஸ் வருது. கண்ணை மூடாதே."

"சாப்பாடு கீழ கிடக்கு. நரி திண்டுரும்."

"திண்டாத் திங்கட்டும்."

"ஸித்தி கேப்பா. இறைச்சி வெச்சவ."

"நான் சொல்லிக்கொள்ளுறன்."

"என்னெண்டு சொல்லுவீங்க?"

மாமாங்கம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நிலாம் சிரிக்கப் பார்த்தான். "பாருங்க. பொய் வேணும் எண்டா வராது உங்களுக்கு." பிறகு தண்ணீர் கேட்டான். பிறகு குளிருது என்றான். மாமாங்கம் தன் ஜக்கெட்டைக் கழற்றி அவன் மேல் போட்டார். பிறகு கேட்டதற்கெல்லாம் "ம்" என்றான். பிறகு, கையைப் பிடித்து அமத்தினால் ஒரு விரலை மட்டும் அசைத்தான்.

மழை தூறத் தொடங்கியது. தாடிக்காரன் நிலாமின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தான். பிள்ளைகளைத் தாலாட்டுகிற குரல். கிடங்கில், அவன் போட்ட இடத்திலேயே துவக்கு நனைந்தது. மாமாங்கம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். விரல் எப்போது நின்றது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. அவர் அமத்திக்கொண்டேயிருந்தார்.

அம்புலன்ஸ் முன்பக்கத்தால் வந்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் பெட்டிகளோடு மேட்டில் ஏறினார்கள். கழுத்தில் விரல் வைத்தார்கள். சட்டையை வெட்டினார்கள். வயர்களை ஒட்டி மெஷினைப் பார்த்தார்கள். செய்யவேண்டியதையெல்லாம் வேகமாகச் செய்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அவசரப்படவில்லை.

"கையை எடுக்கலாம்," என்று அந்தப் பெண் தாடிக்காரனிடம் சொன்னாள்.

அவன் எடுக்கவில்லை. முழங்கை மடங்காமல், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமத்தியபடியே இருந்தான். அவள் திரும்பவும் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

மாமாங்கம் நிலாமின் தலையை மெதுவாக மணலில் வைத்தார். முழங்காலால் நகர்ந்து அந்தப் பக்கம் போனார். தாடிக்காரனின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு கையைத் தூக்கி மணலில் வைத்தார். பிறகு மற்றக் கையை.